சப்பாத்துக்குள் கழற்றி வைத்த தோடுகள்

மச்சாளின் கறுப்புச் சப்பாத்துகள் இரண்டும் கரை மணலில் கிடந்தன. ஒன்று நிமிர்ந்து, மற்றது பக்கவாட்டில் சரிந்து. ஒவ்வொரு காலையும் அவள் துடைத்துப் பளபளவென்று போட்டுக்கொண்டு வங்கிக்குப் போகிற, குதி உயர்ந்த சப்பாத்துகள். அவற்றுக்கு அப்பால் மச்சாள் இடுப்பளவு கடலில் நின்றாள். வங்கிச் சேலையின் சாம்பல் நிற முந்தானை தண்ணீரில் விரிந்து அவளுக்கு முன்னால் மிதந்துகொண்டிருந்தது. என்னைத் திரும்பிப் பாராமலே கேட்டாள்: "அண்ணை எந்த இடத்தில கிடந்தவர்? கையைக் காட்டு."

காட்டினேன். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். சட்டென்று தண்ணீரில் படுத்தாள். நான் "மச்சாள்!" என்று கத்தி முடிப்பதற்குள் பாதித் தூரம் போய்விட்டாள். அந்த இடத்தை எட்டி, ஒரு தரம் வட்டமாகச் சுற்றி, திரும்பி வந்து மணலில் குந்தினாள். மூச்சு வாங்கியது. முகத்தில் வழிந்தது கடல்தண்ணியா கண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை. தலைமயிரைப் பிழிந்துகொண்டு சொன்னாள்: "போயிட்டு வரலாமடி. இவ்வளவு தூரந்தான்."

மச்சாள் என் மாமியின், அதாவது அப்பாவின் அக்காவின் மகள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கிடுகு வேலி. பேராதனையில் படித்து, அங்கே நீச்சல் குழுவிலும் இருந்து, மன்னார் நகரத்து வங்கி ஒன்றில் உத்தியோகம் எடுத்தவள். எங்கள் கரையில் கந்தோர்க் கதிரையில் இருந்த முதற் பெண். அண்ணை என்று அவள் சொன்னது எங்கள் பின்வீட்டுக்காரரை. அவரை அடக்கம் செய்து அப்போது ஒரு கிழமைகூட ஆகவில்லை.

அது நடந்த விதந்தான் எங்களை உலுக்கியது. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பிறந்தால் மன்னார்த் தீவின் தெற்குக் கரை கொந்தளிக்கும். ஆகவே எங்கள் ஆண்கள் எல்லாரும் வடக்குக் கரைக்குப் போய், ஓலைக் கொட்டிலாக வாடி அடித்துத் தங்கித் தொழில் செய்வார்கள். ஊரில் பெண்களும் பிள்ளைகளும் கிழடுகளுந்தான். அண்ணைக்குக் கைக்குழந்தை பிறந்திருந்ததால் அந்தமுறை அவர் போகவில்லை. கறிக்கு மீன் பார்ப்போம் என்று சின்ன வள்ளத்தை இறக்கினார். கரையிலிருந்து பார்க்கிற தூரத்தில் அது கவிழ்ந்தது. அவருடைய சட்டையின் மஞ்சள் நிறம் எங்களுக்குத் தெரிந்தது. அவர் கையைத் தூக்கியது தெரிந்தது. கரை முழுக்கப் பெண்கள் நின்றோம். ஒருத்திக்கும் நீந்தத் தெரியாது. மணலில் முழங்காலில் விழுந்து "அருள் நிறைந்த மரியே" சொன்னோம். சொல்லிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தோம். மஞ்சள் நிறம் இல்லாமற் போனது. மச்சாள் அந்நேரம் வங்கியில் யாருக்கோ சேமிப்புப் புத்தகம் பதிந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஈரச் சேலையோடு மணலில் இருந்தபடி அவள் பேசியதை இன்றைக்கும் என்னால் அப்படியே சொல்ல முடியும். "நாங்கள் ஆண்டவரைப் பாத்து, காப்பாத்தும் எண்டு கேட்டுக்கொண்டு நிண்டம். அந்த நேரம் ஆண்டவரும் எங்களைப் பாத்து அதையேதான் கேட்டிருப்பார். செபத்துக்குக் கையும் காலும் வேணுமடி. எனக்கு அவர் கையும் காலும் தந்து, பேராதனைக்கு அனுப்பி, நீந்தவும் பழக்கி விட்டிருக்கிறார். நான் என்ன செய்யிறன்? குளிரூட்டின அறைக்குள்ள இருந்து முத்திரை குத்துறன்."

அந்த மாதமே அவளுக்குக் கொழும்புத் தலைமைக் கந்தோருக்குப் பதவி உயர்வு வந்தது. மனேஜர் கைகுலுக்கி வாழ்த்தினார். மாமி ஊர் முழுக்க ரொட்டியும் வாழைப்பழமும் பகிர்ந்தா. மச்சாள் போய் வேலையை விட்டுவிட்டு வந்தாள்.

இதை நான் இப்போது ஒரே வரியில் எழுதிவிட்டேன். அன்று அது ஒரே வரியில் முடியவில்லை! மாமி வேலிக்கு இந்தப் பக்கம் வந்து அம்மாவிடம் ஒப்பாரி வைத்தா. "ஊர்ப் பிள்ளையளெல்லாம் படிச்சுக் கரையேறப் பாக்குதுகள். நான் பெத்தது கடலுக்குள்ள இறங்குது." பிறகு மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டா. தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் பூனையைப் பார்த்து, "குடிக்கிற ஆக்கள் குடிக்கலாம்" என்பா. மச்சாளும் பூனையைப் பார்த்து, "குடிச்சாச்சு, நல்ல தேத்தண்ணி எண்டு சொல்லு" என்பாள். சிரிப்புத்தான். ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் எனக்கு, விடியற்புறத்தில் அவள் செபமாலையோடு முற்றத்தில் நடக்கும் சத்தம் கேட்கும். பயமில்லாதவள் அப்படி நடக்கமாட்டாள்.

சம்பளத்தை அவள் ஒருநாளும் இழிவாகப் பேசியதில்லை. "சம்பளத்துக்கு வேலை செய்யிறது பாவமில்லை. என்ர அப்பாவும் அதாலதான் என்னைப் படிப்பிச்சவர். ஆனா காலையில எழும்பேக்க ஏன் எழும்பினனான் எண்டதுக்குச் சம்பளத்தை மட்டும் மறுமொழியா வைச்சிருந்தன் பார், அதுதான் எனக்குப் போதாமப் போச்சு." அப்போது நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். எதைச் செய்வது என்று தெரியாமல் துடித்துக்கொண்டிருந்த வயது. அவள் சொன்னது நெருப்புக் குச்சி மாதிரி உரசியது. "முதல் மாணவி நான்" என்றேன். கழுத்தளவு தண்ணியைக் கண்டதும் கத்திய முதல் மாணவியும் நானேதான்.

வகுப்பு ஞாயிறு பின்னேரம். எங்கள் கரையில் ஓய்வுநாளில் கடலுக்கு வள்ளம் இறங்காது. கடல் முழுக்க எங்களுடையது. ஞானோபதேச வகுப்பு முடிந்ததும் பெண்பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அண்ணையின் மூத்த மகள்தான் எல்லாருக்கும் முன்னால் வந்தாள். பதின்மூன்று வயதிருக்கும். தகப்பன் போன கடலை அவள் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். இறங்கச் சொன்னதும் இறங்கினாள். மண்ணெண்ணெய் வாங்கும் வெற்றுப் பிளாஸ்டிக் கான்கள்தான் எங்கள் மிதவை. எவ்வளவு கழுவினாலும் எங்கள் தலைமயிரெல்லாம் மண்ணெண்ணெய் மணந்தது. தோடு, கிளிப், கழுத்துச் சிலுவை எல்லாவற்றையும் கழற்றி வைக்க இடமில்லாமல் நின்றபோது மச்சாள் தன் வங்கிச் சப்பாத்துகளைக் கொண்டுவந்து கவிழ்த்து வைத்த வள்ளத்தின் மேல் வைத்தாள். "இடது பக்கம் பெரிய வகுப்பு, வலது பக்கம் சின்ன வகுப்பு. போடுங்கோ." அதன் பிறகு அவை ஒருநாளும் காலுக்குப் போகவில்லை.

முதற்பாடம் மல்லாந்து மிதப்பது. எவ்வளவு நேரம்? ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி முடிகிற நேரம். பிள்ளைகள் கெட்டிக்காரிகள். பஸ் கொண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்வது மாதிரி ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு எழும்பி நின்றார்கள். மச்சாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "திருப்பிச் சொல்லு. ஆறுதலாச் சொல்லு. மாதாவுக்கு விளங்க வேணுமெல்லோ?" என்பாள். அடுத்த பாடம், தாழ்கிறவரிடம் எப்படிப் போவது. "கையைக் குடுக்காதேங்கோ. கானைத் தள்ளிக் குடுங்கோ. அவருக்குக் கான், உங்களுக்குக் கயிறு." கானில் கட்டுவதற்குக் கயிறு வேண்டியிருந்தது. அங்கேதான் வந்தது வில்லங்கம்.

எங்கள் கரைவலைக்குச் சொந்தக்காரரை ஊரே சம்மாட்டியார் என்று அழைக்கும். கோயில் சபைக்கும் அவர்தான் தலைவர். கரைவலை இழுக்கிற போது வழியால் போகிறவன் ஒருவன் வந்து கயிற்றில் கைவைத்து இழுத்தாலும் அவனுக்குக் கறிக்கு மீன் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். அது எங்கள் கரையின் வழக்கம். ஆனால் பெண்கள் அந்தக் கயிற்றைத் தொடவும் கூடாது, தாண்டவும் கூடாது. மச்சாள் போய், வாடிக்குப் பின்னால் உக்கிக் கிடந்த பழைய கயிறு ஒன்றைக் கேட்டாள்.

"பிள்ளை, உக்கினாலும் அது வலைக் கயிறு" என்றார் சம்மாட்டியார். "பொம்பிளையள் கை பட்டா மீன் படாது. நீ பாங்கில கணக்கைப் பாத்திருக்கலாம். எங்கட கணக்கு வேற."

"சரி சம்மாட்டியார். கயிறு வேண்டாம். பிள்ளையளை மறிக்காமல் விட்டாக் காணும்."

"மறிக்கிறன் எண்டு ஆர் சொன்னது? பெருநாள் முடியட்டும். அதோட இந்த விளையாட்டை நிப்பாட்டிப் போடுவம். சபையில எல்லாருக்கும் அதுதான் விருப்பம்."

அதாவது எங்களுக்குத் தவணை கொடுத்துவிட்டார். அந்தோனியார் பெருநாள் வரைக்குந்தான். அதற்குப் பிறகு வகுப்பும் இல்லை, மச்சாள் வேலையை விட்டதற்கு அர்த்தமும் இல்லை. நான் கோபத்தில் குதித்தேன். மச்சாள் வீட்டுக்குப் போய் மாமியின் பழைய நூல் சேலை இரண்டைக் கிழித்து முறுக்கிக் கயிறு திரித்தாள். மாமி பூனையிடம், "என்ர கலியாணத்துக்குப் பிறகு வாங்கின முதற்சேலை அது" என்றா. ஆனால் தடுக்கவில்லை.

தாய்மாரிலும் பாதிப்பேர் பிள்ளைகளை மறித்துவிட்டார்கள். உடுப்போடு நனைந்து கரையேறுவதை நாலு பேர் பார்ப்பார்களே என்ற கவலை. ஒரு நாள் பூசை முடிய, கோயில் வாசலில் மச்சாள் அவர்களைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவரின் முதற்சீடரைச் சாட்சிக்கு இழுத்தாள்.

"இராயப்பர் ஆண்டவரிட்டைப் போனது நடந்தோ நீந்தியோ?"

"நடந்துதானே. தண்ணிக்கு மேல" என்றா ஒரு தாய், இதென்ன கேள்வி என்பதுபோல.

"அது முதற்தரம். பயந்து தாழப் பாத்தவர். உயிர்த்த ஆண்டவரைக் கரையில கண்டாப் பிறகு என்ன செய்தவர்? உடுப்பை எடுத்து இழுத்துக் கட்டிக்கொண்டு கடலுக்குள்ள குதிச்சவர். மற்ற எல்லாரும் வள்ளத்தில வர, அவர் நீந்தி வந்தவர். பாப்பரசருக்கெல்லாம் மூத்தவர் உடுப்போட நனைஞ்சு கரையேறியிருக்கிறார். உங்கட பிள்ளையள் ஏறினா என்ன?"

ஒருத்தி, "நனைஞ்சதில அவருக்குத் தடிமன் பிடிச்சுத் தும்மல் வந்திருக்காதோ?" என்று கேட்டா. எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு சப்பாத்து இரண்டும் நிறைந்து வழிந்தன.

பெருநாள் வந்தது. எங்கள் ஊர் அதைச் சோளகம் தணிந்து ஆண்கள் வடக்குக் கரையிலிருந்து திரும்பிய பிறகுதான் வைக்கும். எங்கள் ஊரில் பெருநாள் காலையில் அந்தோனியார் சொரூபத்தை வள்ளத்தில் ஏற்றி, பேண்ட் வாத்தியத்தோடு கடலில் கொண்டுபோய், கடலில் செத்தவர்களுக்காக மலர்வளையம் விடுவார்கள். அவர்களின் குடும்பங்கள் முழங்கால் தண்ணியில் நின்று பார்க்கும். நீந்திப்போய் வளையம் விடட்டுமா என்று மச்சாள் கேட்டதற்குச் சபை மறுத்துவிட்டது. "வேணுமெண்டா பிள்ளையள் வெள்ளை உடுப்போட தண்ணியில வரிசையா நிக்கட்டும், வடிவா இருக்கும்." ஆகவே நாங்கள் அலங்காரமாக நின்றோம். கான்களுக்கு வெள்ளைக் கடதாசியும் ரோசாப்பூவும் ஒட்டியிருந்தது. சேலைக் கயிற்றை மட்டும் மச்சாள் அவிழ்க்க விடவில்லை.

சோளகம் முழுதாக ஓயாத காலம். வள்ளத்தில் வழக்கத்தைவிட ஆட்கள் கூட. பங்குத்தந்தை, சம்மாட்டியார், சபைக்காரர், பேண்ட் பொடியள். அண்ணை கவிழ்ந்த அதே பக்கமாக வள்ளம் திரும்பியபோது ஒரு பெரிய அலை வந்து பக்கத்தில் அடித்தது. வள்ளம் சரிந்தது. அந்தோனியார் ஆடினார். அவ்வளவுதான்! வள்ளத்தில் இருந்த எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் அந்தோனியாரைப் பிடித்தன. ஃபாதர் பாதத்தைப் பிடித்தார், சம்மாட்டியார் இடுப்பைக் கட்டிப்பிடித்தார், மற்றவர்கள் பிடிக்க இடமில்லாமல் ஒருவரை ஒருவர் பிடித்தார்கள். அந்தோனியார் விழவில்லை. பெரிய மேளம் கொளுவியிருந்த பொடியனை மட்டும் ஒருவரும் பிடிக்கவில்லை. அவன் மேளத்தோடு கடலுக்குள் போனான்.

மேளம் மிதந்தது. வார் அறுந்து அவன் வேறாகப் போனான். என்ஜின் நின்றுபோன வள்ளத்தை அலை அப்பால் தள்ளியது. கரையில் கூக்குரல். பெண்கள் முழங்காலில் விழப்போனார்கள். அதே மணல், அதே தூரம், மேலே எழும்பிய அதே மாதிரியான கை. என் கால் அசையவில்லை. மச்சாள் கழுத்தில் கிடந்த வகுப்பு விசிலை வாயில் வைப்பதற்குள் என் பக்கத்தில் நின்ற அண்ணையின் மூத்தவள் தண்ணீரில் படுத்துவிட்டாள். ரோசாப்பூ ஒட்டிய கான் அவளுக்கு முன்னால் போனது. மச்சாள் சேலைக் கயிற்றின் மறுநுனியை என் கையில் திணித்துவிட்டு அவளுக்குப் பின்னால் பாய்ந்தாள்.

பிள்ளை அவனுக்குக் கிட்டப் போகவில்லை. பழகின மாதிரியே தள்ளி நின்று கானைத் தள்ளினாள். "என்னைப் பிடியாதேங்கோ! கானைப் பிடியுங்கோ!" என்று அவள் போட்ட சத்தம் கரைக்குக் கேட்டது. அவன் கானைக் கட்டிப்பிடித்தான். மச்சாள் போய் அவன் சட்டைக் கொலரைப் பின்னால் பிடித்தாள். நான் கயிற்றை இழுத்தேன். என் கைக்குப் பின்னால் இன்னொரு கை கயிற்றில் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் மாமி. மாமிக்குப் பின்னால் அண்ணையின் மனைவி, அவவுக்குப் பின்னால் கரையில் நின்ற எல்லாத் தாய்மாரும். கரைவலை இழுப்பதுபோல இழுத்தோம். யாரோ "அருள் நிறைந்த மரியே" தொடங்க, எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். அவசரப்படாமல், வகுப்பில் சொல்வது போல ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு இழுவை. அன்றைக்குச் சொன்ன அதே செபம். இந்தமுறை அதற்குக் கை இருந்தது.

பொடியன் கரையில் கிடந்து கடலைக் கக்கினான். பிறகு எழும்பியிருந்து கேட்ட முதற்கேள்வி, "மேளம் எங்க?" அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணையின் மூத்தவள் சிரிக்கவில்லை. தாயிடம் போய் இவ்வளவுதான் சொன்னாள்: "கான் எட்டினது அம்மா." தாய் அவளைக் கட்டிக்கொண்டு மணலில் இருந்துவிட்டா. அந்த இரண்டு பேரையும் ஒருவரும் தூக்கிவிடப் போகவில்லை. அது அவர்களுடைய நேரம்.

சம்மாட்டியார் வள்ளத்தால் இறங்கி வந்தார். பட்டுச் சட்டை நனைந்து உடம்பில் ஒட்டியிருந்தது. எங்களைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு, ஃபாதரிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "நாங்கள் இத்தினை ஆம்பிளையள் அந்தோனியாரைப் பிடிச்சம், ஃபாதர். இந்தப் பெட்டையள் பொடியனைப் பிடிச்சதுகள். ஆர் பிடிச்சதைப் பாத்து அந்தோனியார் சந்தோசப்பட்டிருப்பார்?"

மறுநாள் விடியக் கரைவலையை இழுத்துக் கரையேற்றினார்கள். நானும் மச்சாளும் மாமியும் முற்றத்தில் நின்றோம். தெருவில் எதையோ இழுத்துவருகிற சத்தம். சம்மாட்டியார். தோளில் ஒரு கட்டுக் கயிறு, புதுசு, பாதி மணலில் இழுபட்டு வந்தது. மற்றக் கையில் ஓலைப் பறி நிறையப் பாரை மீன். கயிற்றை மச்சாளின் காலடியில் போட்டார்.

"இது உங்கட தண்ணிப் பள்ளிக்கூடத்துக்கு. உக்கினதெல்லாம் வேண்டாம்."

"மீன் என்னத்துக்கு, சம்மாட்டியார்?"

"கயித்தில கை வைச்ச ஆளை மீன் குடுக்காமல் அனுப்பினதெண்டு இந்தக் கரையில ஒரு நாளும் நடக்கேல்ல. நேற்று எல்லாருமெல்லே இழுத்தனீங்கள்? மற்ற வீடுகளுக்கும் அனுப்பியிருக்கிறன்." போகத் திரும்பியவர் வேலிப் படலையடியில் நின்றார். "பேத்தி ஒண்டு இருக்கு. ஞாயிறு அனுப்பிவிடுறன். வாய் கூடின பெட்டை. அடிச்சுப் பழக்கு."

அன்று மத்தியானம் மாமி மீனை ஆய்ந்து குழம்பு வைத்தா. புளி கொஞ்சம் கூடிவிட்டது. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, பூனையைப் பார்க்காமல், மகளை நேராகப் பார்த்துக் கேட்டா: "இதுதானோடி உன்ர புதுக் கந்தோரின்ர சம்பளம்?"

"ஓம் அம்மா."

"முள்ளுக் கிடக்கும். பாத்துச் சாப்பிடு."

அதற்குப் பிறகு வகுப்பை நிப்பாட்டுவது பற்றிச் சபை பேசவேயில்லை. மச்சாள் பசியில் கிடந்ததுமில்லை, பணக்காரியானதுமில்லை. சைக்கிளில் போனாள், கிழிசல் தைத்த சேலையைக் கட்டினாள், இரவில் நன்றாக நித்திரை கொண்டாள். செபமாலையோடு முற்றத்தில் நடக்கிற சத்தம் இப்போதும் கேட்கும். ஆனால் அது நன்றி சொல்கிறவளின் நடையாக மாறியிருந்தது. முல்லைத்தீவுக் கரையில் இருந்து கன்னியாஸ்திரிமார் வந்து, அங்கேயும் நீந்தப் பழக்கச் சொல்லி அழைத்தபோது ஒரு பையோடு கிளம்பிவிட்டாள். கயிற்றைக் கொண்டுபோனாளா என்றால் இல்லை. "அங்கயும் ஒரு சம்மாட்டியார் இருப்பார்" என்றாள். சப்பாத்துகளை என்னிடம் தந்தாள்.

நான் இப்போது யாழ்ப்பாணத்தில் பட்டம் முடித்துவிட்டு வீட்டில் நிற்கிறேன். கொழும்புக் கம்பனி ஒன்று வேலைக்கு வரச்சொல்லி அழைத்தது. யோசித்தேன், செபித்தேன், உண்மையைச் சொன்னால் ஒரு கிழமை நித்திரையே கொள்ளவில்லை. பிறகு, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அம்மா என்னோடு பேசுவதில்லை. எங்கள் வீட்டில் பூனை இல்லாததால் குளிர்சாதனப் பெட்டியோடு பேசுகிறா. மாமிதான் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து, "விடடி, மீன் வரும்" என்று அம்மாவைத் தேற்றுகிறா. அண்ணையின் மூத்தவள் இப்போது என்னைவிட வேகமாக நீந்துகிறாள். ஞாயிறு வகுப்பு அவளுடைய பொறுப்பு. என் பங்குக்குச் சனிக்கிழமை, வேறொரு கரையில்.

சனிக்கிழமை சிலாவத்துறைக்கு. அங்கிருந்து ஒரு ஆசிரியை, முஸ்லிம் பெண், போன பெருநாளுக்கு எங்கள் கரைக்கு வந்து பார்த்துவிட்டு, "எங்கட கரையிலயும் பொம்பிளையள் பாத்துக்கொண்டுதான் நிக்கிறம்" என்றா. போன கிழமை போய் அந்தத் தாய்மாரோடு பேசினேன். மறைவுக்குப் படங்குச் சீலை கட்ட வேண்டும், ஆண்கள் வரக்கூடாது, பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகுதான் தண்ணி. எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். மிதக்கிற நேரத்தை எதை வைத்து அளப்பது என்று ஒரு தாய் கேட்டா. "உங்கட பிள்ளையள் ஓதுறதை ஓதட்டும். ஆறுதலா ஓதினாக் காணும்" என்றேன். என் பைக்குள் இருந்த சப்பாத்துகளைக் கண்டு, "இது என்னத்துக்குப் பிள்ளை?" என்றா. "தோடு கழற்றி வைக்க" என்றேன். தன் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தா. கழற்றவில்லை.

சம்மாட்டியாரின் கயிற்றைச் சுருட்டி பஸ்ஸுக்குத் தயாராகக் கட்டி வைத்திருக்கிறேன். சப்பாத்துகளையும் துடைத்துவிட்டேன், மச்சாள் வங்கிக்குப் போகிற காலத்தில் துடைப்பதுபோலப் பளபளவென்று. சிலாவத்துறை மணலில் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்த்தி வைப்பேன். வைத்துவிட்டு, தண்ணிக்குள் இறங்கி நின்று, உள்ளே முதல் தோடு விழுகிற சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பேன்.